மூன்று டப்பாக்களும் அந்தோணிசாமி அண்ணனின் மெயின் சுவிட்சும்

1. துவைந்துபோன சீட்டு

என் பெயர் பிலோமினா. ஆபீசில் எல்லோருக்கும் பிலோ. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில் உள்ள சின்னக் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். சர்வர், பேக்கப், கேபிள் இழுப்பது என்று எல்லாம் சேர்த்து இருபத்தேழு வருஷம் ஆயிற்று. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் செய்து கிழித்த பெரிய காரியங்கள் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். செய்யாமல் விட்ட ஒரு காரியத்தைத்தான் எழுதப் போகிறேன்.

வெளிநாட்டு ஊழியர்களுக்காகத் தொண்டூழியர்கள் நடத்தும் ஒரு கிளினிக்கின் கம்ப்யூட்டர் வேலை எங்களிடம் வந்தது. கிளினிக் ஒன்று, இடம் மூன்று. லிட்டில் இந்தியாவில் எங்கள் மாதா கோயில் ஹாலில் ஞாயிறும் புதனும். துவாஸ் தங்குவிடுதிக்குப் பக்கத்தில் தினமும். சுவா சூ காங்கில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்து அறையில் வாரத்தில் நான்கு நாள். நோயாளி விவரமெல்லாம் ஒரு எக்செல் ஃபைலில் இருந்தது. அந்த ஃபைல் மூன்று இடங்களுக்கும் வாட்ஸ்அப்பில் போய் வந்துகொண்டிருந்தது. முதல் தடவை பார்த்தபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கப்பல் பட்டறை வெல்டர் ஒருவருக்குத் துவாஸில் ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. நர்ஸ் அதைச் சீட்டில் எழுதி, "எங்க போனாலும் இதக் காட்டுங்க" என்று கொடுத்திருக்கிறார். அவர் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தார். சட்டை துவைக்கப் போயிற்று. அடுத்த ஞாயிறு ஹாலுக்கு வந்தவருக்கு அதே மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். அவர்களிடம் இருந்த எக்செல் பழையது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆள் பிழைத்துக்கொண்டார்.

துவாஸ் நர்ஸ் ஜெயந்தி எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டாள். மன்னார்குடிப் பெண், சத்தம் போட்டுப் பேச மாட்டாள். அன்றைக்கு மேஜையைத் தட்டிப் பேசினாள்.

"பிலோக்கா, ஒரே ஆளு. துவாஸ்ல ஒரு கதை, இங்க ஒரு கதை, சுவா சூ காங்ல ஒரு கதை. இது எந்த ஊரு நியாயம்? ஒரு எடத்துல எழுதினா மூணு எடத்துலயும் தெரியணும். ஒரு எடத்துல லைன் போனாலும் மத்த ரெண்டு எடமும் ஓடணும். முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க."

முடியும் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

2. பத்து நிமிஷம்

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இப்படி ஒரு ஏற்பாடு என்றால் ஏசி ரூம் வேண்டும், தலையணை மாதிரி மேனுவல்கள் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நானே பல வருஷம் இருந்திருக்கிறேன். அந்த நினைப்பில்தான் இதிலும் உட்கார்ந்தேன்.

நான் எடுத்தது ஒரு லேசான டேட்டாபேஸ். டேபிள், எஸ்க்யூஎல் எல்லாம் நாம் பழகியதுதான். ஆனால் ஒரே புரோகிராம், ஒரே ஃபைல். லேப்டாப்பில் ஒரு விண்டோ திறந்து ஒரு வரி கமாண்ட் போட்டேன். முதல் நோடு, அதாவது டேட்டாபேஸின் முதல் பிரதி, எழுந்துவிட்டது. இரண்டாவது விண்டோவில் இன்னொரு வரி போட்டு, முதல் நோடின் முகவரியைச் சொல்லி, 'இதோடு போய்ச் சேர்ந்துகொள்' என்றேன். சேர்ந்துகொண்டது. மூன்றாவதும் அப்படியே. பத்து நிமிஷம் ஆகவில்லை. வாங்கி வைத்த தே தாரேக் டீ இன்னும் சூடாகவே இருந்தது.

மூன்றில் ஒன்று தானாகவே லீடர் ஆகியிருந்தது. லீடரிடம் ஒரு வரி எழுதினேன். மூன்றிலும் தெரிந்தது. சரி, இதில் என்ன அதிசயம் என்று லீடர் ஓடிய விண்டோவைப் பட்டென்று மூடினேன். மற்ற இரண்டும் ஒரு விநாடி திகைத்தன. அப்புறம் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு, ஒன்று லீடர் ஆகி, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிட்டது. மூடியதை மறுபடி எழுப்பினேன். அது பேசாமல் வந்து வரிசையில் நின்று, தான் இல்லாதபோது எழுதியதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டது.

"அடேயப்பா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பாஸ் தினகரன் அவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பிலோ, ஃபோர் டி லாட்டரி அடிச்சிருச்சா?"

"இங்க வந்து பாருங்க பாஸ். கொல்லுறேன், திரும்பி வருது. கொல்லுறேன், திரும்பி வருது."

"யாரக் கொல்றீங்க? ஆபீஸ்ல இப்படியெல்லாம் பேசாதீங்க லா."

அன்றைக்கு அதை இருபது தடவையாவது கொன்றிருப்பேன். ஒவ்வொரு தடவையும் மெய்சிலிர்த்தது. இத்தனை வருஷம் ராத்திரி பகலாக நாங்கள் கையால் செய்த வேலை இது. யாரும் சொல்லாமல் தானாகவே செய்கிறது, அதுவும் என் உள்ளங்கை அகல மெஷினில் ஓடக்கூடிய ஒரு புரோகிராம்.

இதன் சட்டம் ஒன்றே ஒன்றுதான். மூன்றில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டால்தான் எதையும் எழுதலாம். எங்கள் கோயிலின் பங்குப் பேரவைக் கூட்டத்தில், தீர்மானம் போடப் போதிய ஆள் வந்திருக்கிறதா என்று கோரம் பார்ப்போமே, அதே கணக்கு. ஒருவர் வராவிட்டால் பரவாயில்லை. இரண்டு பேர் வராவிட்டால் கூட்டம் கிடையாது, தீர்மானமும் கிடையாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் கோட்டை விட்டேன்.

3. பத்திரமான இடம்

சனிக்கிழமை மூன்று இடத்திலும் மூன்று டப்பாக்களை வைத்தேன். டப்பா என்றால் டப்பாதான். ஜாமான் கடையில் விற்கும் பெருங்காய டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய கம்ப்யூட்டர். கோயில் ஹாலில் அதை மைக் ஆம்ப்ளிஃபையர் இருக்கும் மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். யார் கையும் படாது, ரொம்பப் பத்திரமான இடம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஞாயிறு ஹாலில் முதல் கிளினிக் நடந்தது, ஒரு தடங்கலும் இல்லை. திங்கள் துவாஸிலும் சுவா சூ காங்கிலும் நாள் முழுக்க ஓடியது. பாஸிடம் "பாறை மாதிரி நிக்குது" என்று பெருமை அடித்தேன். ஒரு டப்பா விழுந்தாலும் தெரியாத அளவுக்கு நன்றாக ஓடும் சிஸ்டம் அது. அதனாலேயே ஒரு டப்பா விழுந்தால் எனக்குச் சொல்லும்படி ஏதாவது அலாரம் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

4. "லீடர் இல்லை"

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஜெயந்தி போன் செய்தாள்.

"பிலோக்கா, சேவ் ஆக மாட்டேங்குது. லீடர் இல்லைன்னு சொல்லுது. இங்க ஒருத்தர் ஒதடெல்லாம் வீங்கி உக்காந்திருக்காரு."

அவர் பெயர் சுப்பையா, ராமநாதபுரம் பக்கம். பல்வலிக்கு யாரோ ரூம்மேட் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டிருக்கிறார். அரை மணியில் உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு இரைத்திருக்கிறது. நல்லவேளை, டாக்டர் இருந்தார். ஊசி போட்டு இப்போது சரியாகிக்கொண்டிருந்தார்.

"இவரு நாளைக்கு நம்ம ஹாலுக்குப் பல்லு புடுங்க வர்றாருக்கா. அங்க பல்லு புடுங்கினா எல்லாருக்கும் குடுக்கறது இதே மாத்திரைதான். அங்க நாளைக்கு எந்த டாக்டர் வருவாங்கன்னும் தெரியாது, போன்ல சொல்லி வைக்க. சீட்டு எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு ஒங்களுக்கே தெரியும்."

"அவரையே சொல்லச் சொல்லேன்."

"சொல்ல மாட்டாருக்கா. ஒடம்பு சரியில்லைன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு பயப்படறாரு. என்கிட்டயே 'எழுதாதீங்க சிஸ்டர்'ன்னு கெஞ்சறாரு."

என் லேப்டாப்பிலிருந்து துவாஸ் டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். உயிரோடு இருந்தது. பழைய விவரங்களைக் கேட்டால் படித்துச் சொன்னது. எழுதச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்றது. சுவா சூ காங்கைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. அங்கே போன் போட்டால், காலையில் ஆள் வந்து ரவுட்டரை மாற்றிக்கொண்டிருக்கிறானாம், எப்போது முடியும் என்று தெரியாதாம். சரி, ஒன்று போனால் போகிறது, இன்னும் இரண்டு இருக்கிறதே! ஹால் டப்பாவைக் கூப்பிட்டேன். அதுவும் பதில் சொல்லவில்லை. 

பாஸ் பின்னால் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"துவாஸ் மெஷின் நல்லாத்தானே இருக்கு? அதத் தனியா ஓட விட ஏதோ வழி இருக்குன்னு சொன்னீங்களே?"

இருக்கிறது. டப்பாவுக்குள் ஒரு சின்ன ஃபைலை வைத்து, 'இந்தக் கூட்டத்தில் நீ ஒருத்திதான் உறுப்பினர்' என்று எழுதி, டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும். அது தன்னையே லீடராக வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிடும். மற்ற இரண்டும் ஒரேயடியாகப் போய்விட்டால் செய்கிற கடைசி வைத்தியம் அது.

"அப்புறம் என்ன யோசனை? போடுங்க லா. அந்தம்மா அங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

நான் முரட்டு ஆள். மாட்டேன் என்கிற மெஷினைப் படிய வைப்பதுதான் இருபத்தேழு வருஷமாக என் சாமர்த்தியம். ஃபைலை எழுதிவிட்டேன். ரீஸ்டார்ட் கமாண்டையும் டைப் செய்துவிட்டேன். என்டர் தட்டுவதுதான் பாக்கி.

"ஹால் மெஷினப் பத்திக் கவலப்படாதீங்க," என்றார் பாஸ். "அது நாளைக்குக் காலைல தானா வந்துரும். அந்தோணிசாமி அண்ணன் மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணியிருப்பாரு. என் மக பர்த்டேக்கு அந்த ஹால் எடுத்தேனே, கேக் வெட்டி முடிக்கல, மனுஷன் மெயின அணைச்சிட்டாரு."

என் விரல் அப்படியே நின்றது.

அந்தோணிசாமி அண்ணன் எங்கள் கோயில் ஹாலைப் பார்த்துக்கொள்பவர். பல வருஷத்துக்கு முன் ஒரு மின்விசிறி புகைந்ததிலிருந்து, ஆள் இல்லாத ஹாலில் மின்சாரம் இருக்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். நிகழ்ச்சி முடிந்ததும் மெயினை அணைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியை ஜெபமாலையோடு கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார். பங்கில் ஞானஸ்நானம் வாங்கிய குழந்தைக்குக்கூட இது தெரியும். இருபது வருஷம் அதே ஹாலில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்ட எனக்குத் தெரியாதா? ஞாயிறு மத்தியானத்திலிருந்து அந்த டப்பா செத்துக் கிடந்திருக்கிறது. மற்ற இரண்டும் சேர்ந்து கோரம் காட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அப்போதுதான் உறைத்தது. நாளைக் காலை அண்ணன் மெயினைப் போடுவார். ஹால் டப்பா எழும். அதற்குள் சுவா சூ காங்கில் ரவுட்டர் சரியாகியிருக்கும். அவை இரண்டும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு, கோரம் ஆயிற்று. தங்களுக்குள் ஒரு லீடரைத் தேர்ந்தெடுத்து, ஜம்மென்று வேலையை ஆரம்பித்துவிடும். துவாஸ் தனியாக ஒரு உலகத்தில் லீடராக இருப்பது அவற்றுக்குத் தெரியாது. சுப்பையாவின் அலர்ஜி துவாஸில் மட்டும் இருக்கும். ஹாலில் பல் டாக்டர் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. சிஸ்டம் நன்றாக ஓடுகிறது என்று நம்பி மாத்திரையைக் கொடுப்பார்.

ஒரே ஆளுக்கு மறுபடியும் இரண்டு கதை. எதை ஒழிக்கச் சொல்லி ஜெயந்தி மேஜையைத் தட்டினாளோ, அதையே ஒரு என்டரில் நான் செய்திருப்பேன்.

கமாண்டை அழித்தேன். ஃபைலையும் அழித்தேன்.  திரையில் அந்த 'லீடர் இல்லை' அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதுவரைக்கும் அதை ஒரு கோளாறாகத்தான் பார்த்தேன். 'எனக்குத் தனியாக எதுவும் உறுதியாகத் தெரியாது, அதனால் எழுத மாட்டேன்' என்று அந்தப் பெருங்காய டப்பா இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அதன் முன்னால் வெட்கமாக இருந்தது.

"பாஸ், நான் ஹாலுக்குப் போறேன்," என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போகும்போதே துவாஸுக்குப் போன் போட்டேன். "ஜெயந்தி, சுப்பையாவ ஒக்கார வை. அந்த ஸ்க்ரீன மூடாத."

5. சாவி

எங்கள் கோயில் இருக்கும் தேக்கா பக்கம் காலை நேரத்தில் ஓடிப் பார்த்தால்தான் தெரியும். காய்கறி வண்டி, பூக்கூடை, படம் எடுக்கும் சுற்றுப்பயணிகள். நான் கோயில் வாசலுக்குப் போனபோது அந்தோணிசாமி அண்ணன் மெழுகுவர்த்தி வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஹால் மெயினப் போடுங்க. சீக்கிரம்!"

"இன்னிக்கு ஹால்ல ஒண்ணும் இல்லியே. ஃபாதர் சொன்னாத்தான் போடுவேன். ஃபாதர் வெளிய போயிருக்காரு."

"அண்ணே, துவாஸ்ல ஒரு ஆளு. அவருக்கு ஆகாத மருந்து பேர எழுதணும். அலமாரில இருக்கற டப்பா எழுந்தாத்தான் அங்க எழுத முடியும். இல்லன்னா நாளைக்கு இங்க வந்து அந்த மருந்தையே சாப்பிடுவாரு. உசுரு போயிடும்ணே."

நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிவிட்டார். நடந்துகொண்டே திட்டினார்.

"ஏம்மா பிலோ, சனிக்கெழமை வந்து டப்பாவ வச்சியே, 'அண்ணே இத அணைக்காதீங்க'ன்னு ஒரு வார்த்த சொன்னியா? அலமாரியப் பூட்டத் தெரியுது. வாயத் தொறக்கத் தெரியல."

நான் அவர் பின்னாலேயே ஓடினேன். 

மெயின் சுவிட்சைப் போட்டார். மின்விசிறிகள் சுற்றின. அலமாரியைத் திறந்தேன். டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டப்பா தன் நடப்பையெல்லாம் குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். அண்ணன் என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தார்.

அதில் வந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எழுந்த வேகத்தில் ஹால் டப்பா, 'எனக்கு ஓட்டுப் போடு, நான் லீடர் ஆகிறேன்' என்று துவாஸைக் கேட்டது. துவாஸ் மறுத்தது. காரணத்தையும் ஒரே வரியில் சொன்னது. 'என்னிடம் உள்ளது உன்னிடம் உள்ளதைவிடப் புதியது.' ஹால் டப்பா ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுபோனதல்லவா? திங்கட்கிழமை வந்த நோயாளிகள் யாரும் அதற்குத் தெரியாது. தெரியாதது தலைமைக்கு வர முடியாது. அடுத்த விநாடி துவாஸ் ஓட்டுக் கேட்டது. ஹால் டப்பா மறுபேச்சில்லாமல் போட்டது. துவாஸ் லீடர் ஆயிற்று. உடனே திங்கட்கிழமையை வரி வரியாக ஹாலுக்கு அனுப்ப ஆரம்பித்தது.

எல்லாம் ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். 

"என்னம்மா சொல்லுது?" என்றார் அண்ணன்.

"இதுக்கு ரெண்டு நாள் விஷயம் தெரியாதுன்னு அது சொல்லுது. சரி, நீயே பாத்துக்கன்னு இது விட்டுக் குடுத்துருச்சுண்ணே."

"ஆத்தாடி," என்றார் அண்ணன். "நம்ம பேரவைல இப்படி ஒரு தடவ நடந்து நான் பாத்ததில்ல."

போனில் ஜெயந்தியைக் கூப்பிட்டேன். "இப்ப அமுக்கு."

"ஆயிருச்சுக்கா! சேவ் ஆயிருச்சு!"

என் லேப்டாப்பில் ஹால் டப்பாவிடம் கேட்டேன். சுப்பையா என்ற பெயருக்கு எதிரே அந்த மாத்திரையின் பெயர் வந்து நின்றது. துவாஸில் எழுதியது தேக்காவில் அண்ணன் மூக்குக்கு முன்னால் இருந்தது. அவர் மெல்ல அந்த டப்பாவைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறதா என்று சோதித்தார்.

6. புதன்கிழமை

மறுநாள் நான் லீவு போட்டுவிட்டு ஹாலுக்குப் போய் உட்கார்ந்தேன். சுவா சூ காங் டப்பாவும் முந்தின நாள் சாயங்காலமே வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது. பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

சுப்பையாவை அதுவரை நான் பார்த்ததில்லை. ஒல்லியான ஆள், உதடு இன்னும் லேசாகத் தடித்திருந்தது. பல்லைப் பிடுங்கி முடித்ததும் டாக்டரம்மா கேட்டார்.

"எந்த மருந்தாவது ஒத்துக்காதா? அலர்ஜி ஏதும்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றார் சுப்பையா, வாயில் பஞ்சோடு.

ஜெயந்தி சொன்னபடியே.  டாக்டரம்மா திரையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே எப்போதும் கொடுக்கும் மாத்திரை அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, வேறு அட்டையை எடுத்தார்.

"இத சாப்பிடுங்க. நேத்து சாப்பிட்ட அந்த மாத்திரையை இனிமே தொடக் கூடாது. இது கம்பெனிக்குப் போகாது, கிளினிக் டாக்டருங்களுக்கு மட்டும்தான் தெரியும். பயப்படாதீங்க."

சுப்பையா திகைத்துப் போய் அவரைப் பார்த்தார். "நேத்து நான் துவாஸ்ல இல்ல இருந்தேன்? ஒங்களுக்கு எப்படீங்க...?"

டாக்டரம்மா சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் பல்வலிக்காரர்கள் நிறைய இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மூன்று நோடு எழுப்ப உங்களுக்குப் பத்து நிமிஷம் போதும். நான் ஒரு நாள் முழுக்க வாயைப் பிளந்ததுபோல் நீங்களும் பிளப்பீர்கள், நன்றாகப் பிளந்துகொள்ளுங்கள். அது எழுத மாட்டேன் என்று நிற்கும் நாளில் அதன்மேல் கோபப்படாமல், அது எதற்காக நிற்கிறது என்று கேளுங்கள். டப்பாவை வைக்கிற இடத்தில் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்று விசாரித்து, அவரிடம் வாயைத் திறந்து பேசுங்கள்.

அன்று ஒரு மணிக்குக் கிளினிக் முடிந்தது. அந்தோணிசாமி அண்ணன் வழக்கம்போலப் பெட்டியைத் திறந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அவர் மெயினைத் தொடவில்லை. உள்ளே இருந்த சின்னச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார். விளக்கு, மின்விசிறி, மைக் எல்லாம் அடங்கின. டப்பாவுக்குப் போகும் கடைசிச் சுவிட்சை மட்டும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தச் சுவிட்சின்மேல் பிளாஸ்டர் ஒட்டி, கோணல் எழுத்தில் அவரே எழுதியிருந்தார்:

'அணைக்காதே. இது அணைந்தால் துவாஸில் எழுத முடியாது.'

இருபத்தேழு வருஷத்தில் நான் எழுதிய எந்த டாக்குமென்டிலும் இவ்வளவு தெளிவான ஒரு வரி கிடையாது.